ஏழு இருபத்து நாலுக்கு ஆன் ஆகவேண்டிய பெட்டி

1

போன திங்கட்கிழமை இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் ஒரு சார்ஜர் பெட்டியின் முன்னால் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. என் மேலாளர் கிரேக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். இந்த ஊரில் தனியாக உட்கார்ந்து சிரிப்பவனிடம் அப்படித்தான் கேட்பார்கள். ஊருக்குப் போய் வந்த ஞாபகம் என்றேன். மேற்கொண்டு சொல்லவில்லை. சொல்வதென்றால் ராகு காலத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும், அதை ஆங்கிலத்தில் விளக்க எனக்குத் தெம்பில்லை. உங்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் யாராவது கேட்டால் "இன்ஜினியர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். ஒரே ஒரு தடவை முழு உண்மையையும் சொன்னேன். கேட்டவன் என் பள்ளித் தோழன், சேத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறான்.

"மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏத்துற பெட்டிய வீட்டுச் செவத்துல மாட்டுவாங்க. அந்தப் பெட்டி சட்டப்படி நடக்குதான்னு பாக்கிறது என் வேலை."

"எப்படிப் பாப்ப?"

"சுவிட்சப் போடுவேன். உடனே ஆன் ஆச்சுன்னா அது ஃபெயிலு."

"ஆகலைன்னா?"

"ஆகுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"இதுக்கா பிளேன் ஏறிப் போன?" என்றான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தில் நியாயம் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் கைகழுவ எழுந்தால் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். கொஞ்சம் பேர் பாயசத்தை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து மெதுவாக எழுந்தால் எல்லோருக்கும் தண்ணீர் கிடைக்கும். மின்சாரமும் அப்படித்தான். நாட்டில் இருக்கிற எல்லாக் கார்களும் ஒரே நொடியில் சார்ஜ் ஏற ஆரம்பித்தால் தாங்காது. அதனால் குறித்த நேரம் வந்ததும் ஒவ்வொரு பெட்டியும் தன் இஷ்டத்துக்கு ஒரு நேரம் காத்திருக்கவேண்டும். ஒரு நொடியாகவும் இருக்கலாம், பத்து நிமிடமாகவும் இருக்கலாம். எவ்வளவு என்று பெட்டி முன்கூட்டிச் சொல்லாது. அவசரமென்றால் காரின் சொந்தக்காரர் போன் ஆப்பில் "இப்போதே தொடங்கு" என்ற பொத்தானை அமுக்கலாம். இவை எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து நான் கையெழுத்துப் போடுவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் முதல் அறிக்கையில் "நான்கு நிமிடத்துக்குப் பிறகு கரண்ட் வந்தது" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கிரேக் அதை அடிக்கோடிட்டு, "எங்கிருந்து?" என்று கேட்டு அனுப்பினார். நம் ஊரில் கரண்ட் வரும், போகும். வராவிட்டால் வீட்டுக்கு வீடு விசாரிப்போம். இங்கே அது எங்கேயும் போவதில்லையாம். பதினாறு வருடம் ஆகியும் அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

2

இனி என் அத்தான். அக்காவின் கணவர். பெயர் ரெங்கசாமி. ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருக்கிறார். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். சுவிட்சைப் போட்டால் ஓடவேண்டும், ஓடாவிட்டால் அது கோளாறு, இதுதான் அவருடைய மொத்தச் சட்டமும்.

அத்தான் என்னோடு பேசி ஐந்து வருடமாகிறது. அவருடைய ஒரே மகள் கோதையின் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தபோது நான் போகவில்லை. நான் தாய்மாமன். மணப்பெண்ணுக்கு முதல் மாலையைப் போடவேண்டியவன். இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தேன், என் பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது. திருப்பிக் கேட்டால் கொடுத்திருப்பார்கள், ஆனால் விண்ணப்பம் ரத்தாகும், முதலிலிருந்து தொடங்கவேண்டும். இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தேன். ஊரில் எல்லோரிடமும் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை, வந்ததும் கிளம்பி வந்துவிடுவேன் என்றேன். பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகு இரண்டு தடவை ஊருக்குப் போனேன். அத்தான் வாசலில் நின்று வரவேற்கக்கூடச் செய்தார், ஆனால் அக்காவைப் பார்த்து. "அவிய வந்துட்டாகன்னு உள்ள சொல்லு." என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்னை "அவிய", அதாவது "அவர்கள்", என்கிறார். "அவிய சாப்பாட்டுக்கு இருப்பாகளான்னு கேளு." "அவியளுக்கு ஃபேன் வேணுமான்னு கேளு." திட்டியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். மரியாதை கொடுத்தே என்னைச் சாகடித்தார்.

இந்தத் தடவை கிளம்புமுன் அக்கா போனில் பேசினாள். "தம்பி, நீ வாரேங்குற, சந்தோசம். ஆனா இந்த மட்டமும் அவரு பேசலைன்னா, பொறவு நீ லாட்ஜுல தங்கிக்கோ. நான் அங்கன வந்து உன்னையப் பாத்துக்கிடுதேன். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல செவத்தப் பாத்து உக்காந்திருக்கத என்னால பாக்க முடியலப்பா." அக்கா அழவில்லை, கோபப்படவுமில்லை. அதனால் எனக்குப் பயம் அதிகமாயிற்று. எனக்கு ஊரில் மிச்சமிருப்பது அந்த ஒரு வீடுதான்.

அதே போனில்தான் அத்தான் மின்சாரக் கார் வாங்கிய செய்தியையும் சொன்னாள். நான் நிம்மதியாக விட்ட மூச்சு அவளுக்கே கேட்டிருக்கும்.

3

மறுநாள் கிரேக்கிடம் போய் நின்றேன். சோதனை முடிந்த பெட்டிகளைப் பல கம்பெனிகள் திரும்பக் கேட்பதில்லை, ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். நல்ல நிலையில் இருந்த ஒன்றைத் தரமுடியுமா என்றேன். எதற்கு என்றார். அக்கா கணவருக்குச் சீர் என்று சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தை கிடைக்கவில்லை. "சட்டப்படி நான் கொடுக்கவேண்டியது, ஐந்து வருடத் தாமதம்" என்றேன். சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் கிரேக் நான்கு படிவங்களை எடுத்து நீட்டினார். நான்கிலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் யாழினியோடு கிளம்பினேன். அவளுக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும். பேசும்போது வினைச்சொல்லை எங்கே வைப்பதென்று யோசித்து யோசித்து, கடைசியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். வீட்டில் என்னோடு பேசுவதும் இப்போதெல்லாம் குறைந்துவிட்டது, காதில் எப்போதும் ஏதோ செருகியிருக்கும். இந்தப் பயணத்தில் அவளுக்குத் தூது போகும் உத்தியோகம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மதுரை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். "இது என்ன?" என்றார் அதிகாரி. நான் விளக்க ஆரம்பித்தேன். சட்டம், தாமதம், பந்தி, பாயசம் எல்லாம் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. யாழினி காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, "கார் சார்ஜர்" என்றாள். போகச் சொல்லிவிட்டார்கள்.

4

வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் அத்தான் முகத்தில் ஒரு மாற்றம். வேண்டாமென்று சொல்ல நினைத்தார், ஆனால் கை அதற்குள் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. காயில் கட்டுகிறவர், எப்படிச் சும்மா இருப்பார்?

"ஏட்டி, இது அவிய குடுத்ததா?" என்று அக்காவைக் கேட்டார், நான் ஒரு முழம் தள்ளி நிற்கும்போதே.

"கோதை கல்யாணத்துக்குச் செய்யவேண்டிய சீருன்னு சொல்லுதான்," என்றாள் அக்கா.

அத்தான் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் கார் நிறுத்தும் இடத்தில் அவரே வயர் இழுத்தார். உதவிக்கு நான். அக்கா அடுப்படிக்குப் போய்விட்டதால் எங்களுக்கு நடுவில் யாழினி மாட்டிக்கொண்டாள்.

"பாப்பா, எர்த்து எங்கன குடுக்கணும்னு உங்கப்பாட்ட கேளு."

யாழினி என் பக்கம் திரும்பி, "டாட், வேர் டஸ் தி எர்த் கோ?" என்றாள்.

"எனக்குத் தமிழ் தெரியும்மா."

"ஐ நோ. பட் ஹி ஆஸ்க்ட் மீ டு ஆஸ்க் யூ."

"இடது பக்கம், பச்சைக் கம்பி," என்றேன். அவள் அத்தானிடம் திரும்பி, "மாமா, இடது பக்கம், பச்சைக் கம்பி, அப்பா சொல்றார்," என்றாள். அத்தான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பதுபோலத் தலையாட்டினார்.

இரண்டு மணி நேரம் இப்படியே நடந்தது. நான் தமிழில் சொல்ல, அவள் தமிழிலேயே திருப்பிச் சொல்ல, அவர் தமிழில் கேட்க, அவள் எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல, ஒரு பெட்டி சுவரில் ஏறியது. யாழினி இவ்வளவு தமிழ் பேசி நான் பார்த்ததே இல்லை. ஒரு கட்டத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன ஒன்றை, "அதை நான் சொல்லமாட்டேன்," என்று நிறுத்திக்கொண்டாள். அத்தான் அடக்கிக்கொண்டு சிரித்தது அவர் தோளில் தெரிந்தது. ஆனால் என் பக்கம் திரும்பவில்லை.

வேலை முடிந்ததும் அத்தான் ஜோசியருக்குப் போன் போட்டார். கார் வாங்கிச் சில நாளாகியும் ரிஜிஸ்டர் செய்து கொண்டுவந்து நிறுத்தியதோடு சரி. முதல் சார்ஜ் நல்ல நேரத்தில் ஏறவேண்டும், முதல் ஓட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கும் கோதை வீட்டுக்கும், அதன்பிறகுதான் மற்றதெல்லாம். சனி அஷ்டமி, ஞாயிறு நவமி, செவ்வாய் நான் விமானம் ஏறவேண்டும். மிச்சமிருந்தது திங்கள். அன்று ஏழரைக்கு ராகு காலம் பிறக்கிறது. காலை ஏழு இருபத்திரண்டுக்கு மேல் ஏழரைக்குள் என்று ஜோசியர் குறித்துக் கொடுத்தார்.

இங்கேதான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. கையால் போட்டால் முன்னப்பின்ன ஆகும், நான் ஆப்பிலேயே நேரத்தைக் குறித்துவிடுகிறேன், நொடி பிசகாது என்றேன். ஏழு இருபத்து நாலு என்று அமைத்தும் காட்டினேன். யாழினி வழியாக அத்தானுக்குச் செய்தி போயிற்று. "பரவால்லன்னு சொல்லு," என்று பதில் வந்தது. ஐந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அந்தச் சந்தோஷத்தில் நான் தினமும் சோதிக்கிற சட்டம் எனக்கே மறந்துபோயிற்று.

5

திங்கட்கிழமை காலை. கார் கழுவிப் பூ சுற்றி நின்றது. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். அக்கா பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கோதை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் செய்து, கிளம்பியாச்சா என்றாள். சார்ஜ் ஏற ஆரம்பிச்சதும் கிளம்பீருவோம் என்றாள் அக்கா. அத்தான் வெள்ளை வேட்டியில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் ரேடியோச் செய்தியோடு ஒப்பிட்டுத் திருத்துகிற வாட்ச் அது.

ஏழு இருபத்து நாலு. அக்கா கற்பூரம் ஏற்றினாள். பெட்டியில் நீல விளக்கு மினுக்கத் தொடங்கியது.

மினுக்கிக்கொண்டே இருந்தது.

அந்த மினுக்கலை நான் பல்லாயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பெட்டி காத்திருக்கிறது. சட்டப்படி நடக்கிறது. நேரம் குறித்தால் பத்து நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் என்ற அந்த விதி. ராகு காலத்துக்கு இன்னும் ஆறு நிமிடம்தான் இருந்தது.

"ஒண்ணுமில்ல, பொத்தான் இருக்கு," என்று போனை எடுத்து "இப்போதே தொடங்கு" என்பதை அமுக்கினேன். உங்கள் இங்கிலாந்து எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதைப் பதியுங்கள் என்றது. அந்த எண்ணின் சிம்மைக் கழற்றி ஒரு தீப்பெட்டியில் போட்டுவைத்திருந்தேன். தீப்பெட்டியை எங்கே வைத்தேன்?

"டாட், இந்த ஓடிபி கண்டிப்பா கேக்கணும்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?" என்றாள் யாழினி. தமிழில் கேட்டாள். இதற்கெல்லாம் தமிழ் நன்றாக வருகிறது.

"அக்கா, தீப்பெட்டி ஒண்ணு பாத்தியா?"

"இந்தா," என்று அக்கா கையிலிருந்ததை நீட்டினாள். திறந்தேன். குச்சிகள்தான்.

ஏழு இருபத்தாறு. கற்பூரம் அணைந்து அக்கா இரண்டாவதை ஏற்றினாள். நான் சாமான்களைக் கலைத்துப் போட்டுவிட்டுக் கையை விரித்துக்கொண்டு திரும்பி வந்தேன். "செத்த நேரம், வந்துரும், இப்ப வந்துரும்," என்றேன்.

"எம்புட்டு நேரம்னு கேளு," என்றார் அத்தான், யாழினியிடம்.

"தெரியாது," என்றேன். "அது சொல்லாது. வந்துரும்."

ஏழு இருபத்தெட்டு. அத்தான் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை உருவினார். பெட்டியின் மூடித் திருகில் வைத்தார். மூடியைத் திறந்தால் யாரோ கை வைக்கிறார்கள் என்று அது தன்னைப் பூட்டிக்கொண்டுவிடும், பிறகு கிரேக் கையால்தான் திறக்கமுடியும். நான் பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அத்தான், தொடாதீங்க அத்தான். செத்த நேரம் பொறுங்க, வந்துரும்."

"என்னல வந்துரும்? எப்பல வந்துரும்?" என்றார் அத்தான்.

அக்கா கையில் தட்டு அப்படியே நின்றது.

"வந்துரும் வந்துரும்னு இன்னும் எம்புட்டு நாளைக்குல சொல்லுவ? எம்மவ கல்யாணத்துக்கும் இதத்தானல சொன்ன. வாரேன் அத்தான், வந்துருவேன் அத்தான்னு தாலி கட்டுறதுக்கு முந்தின நாள் வரைக்கும் சொன்னியே. வரலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற ஆள நிப்பாட்டியிருப்பேன்ல. மாலையத் தட்டுல வச்சுக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டே நின்னேன். ஐயர் மூணு மட்டம் கூப்பிட்டாரு. வருதான், வந்துருவான், செத்த இருங்கன்னு நான் சொன்னேன்ல, கூறுகெட்டவன் நான்."

அவர் குரல் அந்தக் கடைசி வார்த்தையில் உடைந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்து வருடமாக அவர் கோபத்தை நான் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். வராததற்கு அல்ல. நிற்க வைத்ததற்கு.

"பாஸ்போர்ட் நான் கேட்டிருந்தா குடுத்திருப்பாக அத்தான்," என்றேன். "நான் கேக்கல. பயந்துட்டேன். அத உங்ககிட்ட சொல்லவும் பயந்துட்டேன்."

"அத அன்னைக்குச் சொல்லுறதுக்கு என்னல?"

"தப்புதான் அத்தான்."

அவர் மணிக்கட்டை நான் இன்னும் விடவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. அப்போது யாழினி, "எக்ஸ்கியூஸ் மீ," என்றாள். "அது ஆன் ஆயிடுச்சு. கொஞ்ச நேரம் ஆச்சு."

திரும்பிப் பார்த்தோம். விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. காரும் தன் பங்குக்கு மெலிதாக ரீங்கரித்தது. யாழினி போனைப் பார்த்து எந்தச் சமயோசிதமும் இல்லாமல் வாசித்தாள்: "ஏழு நிமிஷம் பதினோரு செகண்ட் வெயிட் பண்ணிருக்கு. ஏழு முப்பத்தொண்ணுக்கு ஆன்."

அக்கா முகம் வெளுத்தது. "ராகு காலம் பிறந்திருச்சேங்க."

அத்தான் வாட்சைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இல்ல ஏட்டி," என்றார். "எம் வாட்சுல ஏழு இருபத்தொம்பதுதான் ஆகுது. அந்தப் போனுதான் கூட ஓடுது. வெளிநாட்டுப் போனு."

அக்கா உடனே நம்பினாள். நான் எட்டிப் பார்க்கப் போனேன், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

6

என்னிடம் பேசிவிட்டார் என்பது அப்போதுதான் அத்தானுக்கே உறைத்திருக்கவேண்டும். டெஸ்டரைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். யாழினி பக்கம் திரும்பி, "பாப்பா, உங்கப்பாட்ட..." என்று ஆரம்பித்தார்.

"நீங்களே சொல்லுங்க மாமா," என்றாள் அவள். "எனக்குக் கால் வலிக்குது."

அத்தான் என்னைப் பார்த்தார். "சீனி," என்றார். என் பெயர் ஸ்ரீனிவாசன், அவர் ஒருவர்தான் அப்படிக் கூப்பிடுவார். "இப்ப சொன்னியே, அத கோதைகிட்ட வந்து நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன். ஏறு வண்டில, முன்னால உக்காரு."

அரைமணி நேரம் சார்ஜ் ஏறியதும் கிளம்பினோம். பின்சீட்டில் அக்காவும் யாழினியும். தெருமுனை திரும்புவதற்குள் அத்தான் தொடங்கிவிட்டார். ஐந்து வருட பாக்கியில் ஒன்றையும் விடவில்லை. கல்யாணம், நான் போனில் சொன்ன சமாதானங்கள், அனுப்பிய புடவையின் கலர், பெட்டியை வடிவமைத்தவன், அதைச் சோதித்தவன் என்று வரிசையாகத் திட்டினார். பாதி வழி தாண்டும்போது தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். மின்சாரக் கார் என்பதால் இன்ஜின் சத்தம் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஒரு வார்த்தைகூட வீணாகாமல் காதில் விழுந்தது.